ஒரு கட்டை கீழே

பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ரபீக் பாய் மூன்று பாக்கெட்டையும் கண்ணாடி மேசைமேல் பரப்பிவிட்டு, எது என்று கேட்பது போல என் முகத்தைப் பார்க்கிறார். கிட்டார்க் கம்பிக்கு எண்தான் பெயர். முதல் கம்பி எவ்வளவு பருமனோ அதுவே அந்த செட்டின் பெயர், எண் ஏற ஏறக் கம்பி தடிக்கும். கல்யாணமான நாளிலிருந்து நான் பத்துதான். நான் கடைப் படியேறும்போதே பாய் பத்தை எடுத்து வைத்துவிடுவார், வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. இன்றைக்குத் திறந்துவிட்டேன். தடிமனாக ஏதாவது கொடுங்கள் பாய், சுருதியை இறக்கி வாசிக்கிறேன், கம்பி தொளதொளவென்று ஆடுகிறது என்று சொல்லிவிட்டேன். பாய்க்கு ஒரே சிரிப்பு. “என்ன தாஸண்ணே, இந்த வயசுல மெட்டல் மியூசிக் வாசிக்கப் போறீங்களா? காலேஜ் பசங்கதான் இப்படி எறக்கிட்டு வந்து நிப்பானுங்க. கல்யாண வீட்டுல போயி உறுமுனீங்கன்னா மாப்பிள்ளை பயந்துருவாரு.” நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்வது. இங்கிருந்து இரண்டு தெரு தள்ளி, காது மூக்கு தொண்டை டாக்டரின் கிளினிக்கில், என் மனைவி ஜெசிந்தா டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கம்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன், நீ உட்கார் என்று சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் ஒரு வரவேற்பு இருக்கிறது, அவள் பாட வேண்டும், நான் வாசிக்க வேண்டும், போன கச்சேரியிலேயே ஒரு கம்பி அறுந்துவிட்டது. எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்காக நான் எழுந்து வரவில்லை. டாக்டர் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கும்போது பக்கத்தில் இருக்கக் கூடாது என்றுதான் எழுந்து வந்தேன்.

அந்தக் கேள்வி. போன தடவை நடந்ததைத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வலது காதில் வலி என்றுதான் போனோம். கூதக்காற்று பட்டிருக்கும் என்று அவளே பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி விட்டுப் பார்த்தாள், பஞ்சு வைத்துப் பார்த்தாள், போகவில்லை. டாக்டர் விளக்குப் போட்டுக் காதுக்குள் பார்த்தார். வலி இல்லாத காதையும் பார்த்தார். “காது சுத்தமா இருக்கும்மா, ஒண்ணுமே இல்லை” என்றார். காதில் ஒன்றுமில்லை என்றால் நல்லதுதானே. அவர் முகத்தில் அந்த நல்லது தெரியவில்லை. பேனாவை மூடினார். “சில நேரம் தொண்டையில இருக்கிறது காதுல வலியாத் தெரியும். குரல்ல ஏதாவது மாத்தம் இருக்கா?” ஜெசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மைக் முன்னால் நிற்கும்போது அவளுக்கு வருகிற நிமிர்வு அது. “நான் கச்சேரியில பாடறவ டாக்டர். மாறினா எனக்குத் தெரியாதா? அன்னைக்கு எந்த சுருதியில பாடினேனோ அதுலதான் இன்னைக்கும் பாடறேன்.” பேச்சு கொஞ்சம் கரகரவென்று இருக்கிறதே என்று அவர் விடாமல் கேட்டார். “நேத்து கச்சேரி இருந்தது, மறுநாள் இப்படித்தான் இருக்கும். வேணும்னா இவரைக் கேளுங்க, கூடவே வாசிக்கிறவரு.” இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் ஆட்டல். டாக்டர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். சொட்டு மருந்து எழுதினார். இரண்டு வாரம் பார்க்கலாம், வலி குறையவில்லையென்றால் மூக்கு வழியாகக் கேமரா விட்டுத் தொண்டையைப் பார்த்துவிடலாம் என்றார். வெளியே வந்து செருப்பைப் போடும்போது, “எவ்வளவு கேள்வி கேக்கறாரு பாருங்க, காது வலின்னு வந்தவகிட்ட” என்று ஜெசி சிரித்தாள். எனக்குச் செருப்பு வாரில் விரல் நுழையவில்லை. குனிந்தே இருந்தேன்.

குரல் மாறியிருக்கிறது. எனக்குத் தெரியும். எனக்கும் கலியமூர்த்திக்கும் மட்டும்தான் தெரியும். கலி எங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். கார்த்திகை மாதத்து முதல் முகூர்த்தம், வெளியே விடாத மழை. அந்த மழைப் பாட்டு, ஜெசி என்றாலே ஊரில் கேட்கிற பாட்டு, அதில் சரணத்தில் ஓரிடம் மேலே போகும். அங்கே அவள் குரல் இரண்டாகப் பிளந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட இலையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண் சிரித்தது. பாட்டை முடித்துவிட்டு மேடைக்குப் பின்னால் நாற்காலிகள் அடுக்கிவைத்த இடத்தில் போய் நின்றுகொண்டு, “என் கதை முடிஞ்சுதுங்க” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்லத் தெரிந்திருக்கும். ஒரு வாரம் வீட்டில் பாட்டுச் சத்தமே இல்லை. சட்டி கழுவும்போது இல்லை, துணி காயப்போடும்போது இல்லை. அந்த நிசப்தத்தை என்னால் தாங்க முடியவில்லை, அதுதான் நிஜம், அவளுக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்வதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டது. அடுத்த கச்சேரிக்கு முன்னால் நான் ஆறு கம்பியையும் அரைக் கட்டை, சுருதியில் ஒரு சின்னப் படி, இறக்கினேன். அவளுக்கு சுருதிப் பெட்டி கிடையாது, என் கிட்டார்தான் சுருதி. முதல் கார்டை, பாட்டு தொடங்குகிற அந்தச் சுரக்கூட்டை, நான் மீட்டினால் அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவாள். ஆனால் கண்ணும் இருக்கிறதே. எந்தப் பாட்டுக்கு என் இடது கை கிட்டார்க் கழுத்தில் எந்தக் கட்டத்தில் உட்காரும் என்பது அவளுக்கு மனப்பாடம், பாடும்போது ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பாள். கையைக் கீழே நகர்த்தினால் பிடித்துவிடுவாள். கம்பியையே இறக்கிவிட்டால் கை இருந்த இடத்திலேயே இருக்கும், விரல் வைத்த இடத்திலேயே இருக்கும், சத்தம் மட்டும் இறங்கிப் போயிருக்கும். கலிக்கு இன்னும் சுலபம், ஒரு பொத்தான். ஆனால் அமுக்கினால் சின்னத் திரையில் மைனஸ் ஒன்று என்று எழுத்து வரும், அரைக் கட்டை இறக்கம் என்று அர்த்தம். அதன்மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினான். என்ன இது என்று அவள் கேட்டதற்கு, “ஸ்கிரீன் ஒடஞ்சிருச்சு அண்ணி” என்றான். அன்றைக்கு மழைப் பாட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போனது. இறங்கி வந்தவளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “தொண்டை தெறந்துடுச்சுங்க” என்றாள். பந்தியில் பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பைத்தியக்காரன் மாதிரி சந்தோஷப்பட்டேன்.

“அண்ணே, கேக்கறேன்ல. எவ்வளவு எறக்கறீங்க?” பாய் கேட்கிறார். ஒரு கட்டை என்கிறேன். அப்புறம், இன்னும் அரை இறக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் ஒருமுறை இறக்கினேன், அதோடு ஒரு கட்டை ஆயிற்று. அன்றைக்குக் கலி பிளாஸ்திரிக்குக் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, “இப்படியே போனா அண்ணி ஆம்பளைக் குரல்ல வந்து நிப்பாங்கண்ணே” என்றான். சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் நின்றுவிட்டது. “டாக்டர்கிட்ட காட்டலாமேண்ணே” என்றான். தூசி என்றேன். மண்டபத்துப் புகை, ஏசிக் காற்று, ஐஸ் போட்ட தண்ணீர் என்று என்னென்னவோ சொல்லிப் பூசி மெழுகினேன். போன கச்சேரியில் மறுபடி அந்த இடத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. மைக் சரியில்லை என்றாள். ஆமாம் மைக் சரியில்லை என்றேன். “ஒண்ணரைக் கட்டைன்னா பதினொண்ணு போதாதுண்ணே, பன்னெண்டு போட்டுருங்க. பத்தைப் போட்டுக்கிட்டு அவ்வளவு எறக்கினா கம்பி கொடிக்கயிறு மாதிரி தொங்கும், கட்டத்துல அடிச்சு கிர்ருங்கும்.” தெரியும் பாய், ஒரு கட்டைக்கே அப்படித்தான் இருக்கிறது. இறக்கிய கம்பியை அழுத்தி மீட்டினால் சுருதி முதலில் ஏறிப் பிறகு வழுக்கி வந்து உட்காருகிறது, அதற்குப் பயந்து பூப்போல வாசிக்கிறேன், ஜெசி ஒருநாள் என்ன ரொம்பத் தணிச்சு வாசிக்கிறீங்க, எனக்கு எடம் விடறீங்களா என்று கேட்டாள், செல்லமாகக் கேட்டாள். “ஆனா ஒண்ணு” என்று பாய் நான் கொண்டுவந்த கிட்டாரைத் திருப்பிக் கழுத்தின் உச்சியைக் காட்டுகிறார். அங்கே ஒரு சின்ன எலும்புத் துண்டு, நட்டு என்போம், ஆறு பள்ளம் வெட்டியிருக்கும், கம்பிகள் அதில்தான் உட்காரும். “இந்தப் பள்ளம் பத்துக்கு வெட்டுனது. பன்னெண்டு உக்காரணும்னா அரம் போட்டு ராவணும். ராவிட்டா அப்புறம் பத்து போட முடியாது, பள்ளத்துல கெடந்து ஆடும். திரும்ப மாட்டீங்கல்ல?” திரும்ப மாட்டீங்கல்ல. என்ன கேள்வி இது. கம்பி விற்கிறவர் கம்பியைப் பற்றிக் கேட்கிறார், அவ்வளவுதான். யோசித்துச் சொல்கிறேன் பாய் என்கிறேன். மின்விசிறி தலைக்குமேல் டக் டக்கென்று சுற்றுகிறது. யோசிக்க என்ன இருக்கிறது. பன்னிரண்டு போட்டால் இன்றைக்குச் சாயங்காலம் அவள் பாடிவிடுவாள். அதற்கு அடுத்ததும் பாடிவிடுவாள். அதற்கப்புறம்? பன்னிரண்டுக்குக் கீழே பதின்மூன்று இருக்கிறது. அதற்கும் கீழே?

நான் யோசித்து முடிப்பதற்குள், ஸ்டீலா நிக்கலா என்று கேட்டுக்கொண்டே பாய் உள்ளறையில் அரத்தைத் தேடுகிறார். நிக்கல் என்கிறேன். ஸ்டீல் பளீரென்று வெட்டும். அதன் பக்கத்தில் எந்தக் குரலும் கொஞ்சம் மங்கித்தான் கேட்கும். நிக்கல் தணிவு, பக்கத்தில் நிற்கிற குரல் தெளிவாக இருப்பது போலக் காட்டும். இதையெல்லாம் நான் எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, இந்த ஒன்பது மாதத்தில் திருட்டுத்தனத்தில் தெரிந்துகொண்டது. சித்திரையிலிருந்து கம்பியே மாற்றவில்லை. வேர்வை ஏறிக் கறுத்த பழைய கம்பிக்குப் பளபளப்பு போய்விடும், மொத்தமும் கம்பளி போர்த்தியது மாதிரிக் கேட்கும், அது எனக்கு வசதியாக இருந்தது. ஆம்ப்ளிஃபயரில் டிரெபிளை, கூர்மையாகக் கேட்கிற மேல் ஒலியை, குறைத்தேன். கலியைச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். அவளைச் சுற்றி எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வந்தோம், நடுவில் அவள் மட்டும் தான் பிரகாசமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். வீட்டில் மட்டும் என்னால் எதையும் இறக்க முடியவில்லை. இட்லியைத் தண்ணீர் குடித்துக் குடித்து உள்ளே தள்ளுகிறாள். சோற்றைக் குழையப் பிசைகிறாள், அதிலும் ரசம்தான், குழம்பு உறைக்கிறதாம். விழுங்கும்போது முகத்தை லேசாக இடப்பக்கம் திருப்புகிறாள். முதலில் ஜன்னலைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஜன்னல் இல்லாத பக்கம் உட்கார்ந்தபோதும் திருப்பினாள். அவளுக்கே தெரியாமல் உடம்பு வழி தேடிக்கொள்கிறது போலிருக்கிறது. கேட்கலாம் என்று வாயெடுப்பேன், என்ன பாக்கறீங்க என்பாள், ஒன்றுமில்லை என்பேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. மாதா கோயிலில் எங்களுக்கு முன் பெஞ்சில் சின்னப்பன் என்று ஒருவர் உட்காருவார், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். தொண்டையில் ஆபரேஷன், கழுத்தில் ஓர் ஓட்டை, அதை மறைக்க வெள்ளைத் துணி. பூசையில் எல்லோரும் பாடும்போது அவரும் எழுந்து நின்று பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைப்பார். ஒரு வரி விடமாட்டார். துணி மட்டும் உள்ளே போய் வெளியே வரும். போன ஞாயிற்றுக்கிழமை ஜெசி அவருக்குப் பின்னால் நின்று பாடினாள், நான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றேன், ஆண்டவரே வேண்டாம், வேண்டாம் என்பதைத் தவிர எனக்கு எந்த ஜெபமும் வரவில்லை.

“அரம் கெடைக்கலை, இருங்க, கீழ பையன்ட்ட கேக்கறேன். அதுவரைக்கும் சும்மா உக்காராதீங்க, இதை வாசிச்சுப் பாருங்க, புதுசா வந்துது.” சுவரில் தொங்கிய ஒரு சிவப்புக் கிட்டாரை எடுத்து என் மடியில் வைத்து, மேசையடியில் இருக்கிற சின்ன ஆம்ப்ளிஃபயரில் செருகிவிட்டு பாய் படியிறங்கிப் போகிறார். தினமும் காலையில் கடையைத் திறந்ததும் எல்லாக் கிட்டாரையும் சரியான சுருதியில் ஏற்றிவைப்பது அவர் வழக்கம். கை தானாகப் போய் அந்த இடத்தில் உட்காருகிறது. மழைப் பாட்டின் முதல் கார்டு. மீட்டுகிறேன். ஐயோ. இதுதானா அது. இப்படியா இருந்தது இந்தப் பாட்டு. என் காது நான் இறக்கிய இடத்துக்கே பழகிப் போய்விட்டது, அதுதான் சரி, அதுதான் நம் பாட்டு என்று நம்ப ஆரம்பித்துவிட்டது. இந்தக் கார்டு எங்கேயோ உயரத்தில், வெளிச்சமாக, கொஞ்சம் கூசும்படி நிற்கிறது. இதில்தான் ஜெசி பாடினாள். கல்யாணத்துக்கு முன்னால், கோயில் பாட்டுக் குழுவில் நான் புதிதாகச் சேர்ந்தபோது, அவளுக்கு மைக்கே வேண்டாம் என்று ஃபாதர் சொல்வார். ஒரு நாள் கரண்ட் போய் என் கிட்டார் ஊமையாகிவிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள், பரவாயில்லை என்று கண்ணால் சொன்னாள், தனியாகவே கடைசி வரை பாடினாள், கரண்ட் வந்து நான் மீட்டியபோது ஒரு மயிரிழைகூட இறங்கியிருக்கவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், கட்டினால் இவளைத்தான் என்று. அப்படிப்பட்டவளின் காலுக்குக் கீழே இருந்த தரையைத் தெரியாமல் இறக்கிக்கொண்டே வந்திருக்கிறேன். தரை இறங்குவது தெரிந்திருந்தால் அவளே பயந்திருப்பாள். பயந்திருந்தால் பொங்கலுக்கே டாக்டரிடம் ஓடியிருப்பாள். அவளுடைய பயத்தை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டு நானாவது ஓடினேனா? அதுவும் இல்லை.

போன் அடிக்கிறது. ஜெசி. “ஏங்க, இன்னும் ஒரே ஆளுதான், அப்புறம் நான். வாங்கிட்டீங்களா?” பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்கிறேன். போனில் கேட்டால் குரல் இன்னும் மோசம். காலையில் எழுந்த குரல் மாதிரி, மத்தியானம் ஆகப் போகிறது. “ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே? நான் எந்திரிச்சு வந்துடட்டுமா? இன்னைக்குக் காது கொஞ்சம் பரவால்ல. உள்ள போனா அந்தக் குழாயை விட்டுடுவாரு. பக்கத்துல ஒரு அம்மா சொல்லுது, விட்டா ரெண்டு நாளைக்குத் தொண்டை எரியுமாம். சாயங்காலம் நான் எப்படிப் பாடறது?” ம் என்கிறேன். “என்ன ம்? குரல் எப்படி இருக்குன்னு கேப்பாரு, நல்லாருக்குன்னு சொல்லப் போறேன். இதுக்கா இவ்வளவு நேரம் உக்காந்திருக்கணும்?” சரி வந்துவிடு என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் பத்து நிமிடத்தில் இந்தப் படியேறி வருவாள், பாயிடம் டீ வாங்கிக் குடிப்பாள், அவர் அரத்தால் ராவுவதை வேடிக்கை பார்ப்பாள், எதுக்குங்க தடிக் கம்பி என்பாள், சவுண்டு நல்லாருக்கும் என்பேன், சாயங்காலம் அந்த இடத்தைத் தாண்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். “சொல்லுங்களேன். நீங்கதான் கூடவே வாசிக்கிறீங்க. உங்களுக்கு ஏதாவது மாத்தம் தெரியுதா?” கேட்டுவிட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டாள், வழக்கமாக அப்படி நிறுத்த மாட்டாள், அவளே ஒரு பதிலையும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். பின்னால் ஒரு குழந்தை அழுவது கேட்கிறது. அவளுக்கும் ஏதோ தெரிகிறது. பயமாக இருக்கிறது அவளுக்கு. ஜெசி, எனக்கும் பயமாக இருக்கிறது, நான் இல்லை என்று சொன்னால் நீ நம்பிவிடுவாய், அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

“ஜெசி, மழைப் பாட்டைப் பாடு. அந்த எடம் மட்டும்.” “என்னது? இங்கயா? ஆஸ்பத்திரியிலயா? லூசா நீங்க?” “வெளிய படிக்கட்டுப் பக்கம் வா. பாடு. நான் சுருதி தர்றேன்.” செருப்புச் சத்தம். கதவு. தெருவில் ஒரு பஸ். “வந்துட்டேன், என்னத்துக்கு இப்ப” என்கிறாள். போனை ஆம்ப்ளிஃபயரின் மேல் ஸ்பீக்கரில் போட்டு வைக்கிறேன். விரல் போய்த் தன் இடத்தில் உட்காருகிறது, மீட்டுகிறேன், ஒரு தடவை, இன்னொரு தடவை. அவள் சுருதியைப் பிடித்துக்கொள்கிறாள். பிடித்த இடத்திலேயே கொஞ்சம் தயங்குகிறாள். பிறகு பாடுகிறாள், மெதுவாக, ஆட்கள் போகிற படிக்கட்டு என்பதால் அடக்கி. முதல் வரி வருகிறது. இரண்டாவது வரியில் மூச்சு அதிகம், குரல் கொஞ்சம். மேலே ஏறுகிற அந்த இடத்துக்கு வருகிறாள், ஏறுகிறாள், ஏறப் பார்க்கிறாள், சத்தமே வரவில்லை. கார்த்திகையில் பிளந்ததே, அப்படிக்கூட இல்லை. காற்றுதான் வருகிறது. இருமுகிறாள். மறுபடி அந்த வரியை எடுக்கிறாள், மறுபடி அதே இடம். கிட்டார் மட்டும் தனியாக ஒலித்து அடங்குகிறது. “யாரு கிட்டாருங்க அது? சுருதி ஏறிக் கெடக்கு” என்கிறாள். “கடைக் கிட்டாரு ஜெசி. அது சரியாத்தான் இருக்கு. நம்மளுதுதான் எறங்கிக் கெடக்கு. நான்தான் எறக்கினேன்.” நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போகிறேன். “முழுசா ஒரு கட்டை. கார்த்திகையில அரை, சித்திரையில அரை. இன்னைக்கு இன்னும் அரை எறக்கத்தான் தடிக் கம்பி வாங்க வந்தேன்.” பஸ் போய்விட்டது. வேறு பஸ் வருகிறது. “கலிக்குத் தெரியுமா?” தெரியும் என்கிறேன். “அந்தப் பிளாஸ்திரி” என்கிறாள், அவ்வளவுதான் சொல்கிறாள். திட்டு, ஜெசி. வாயில் வருவதையெல்லாம் சொல்லித் திட்டு. உள்ளேயிருந்து ஒரு பெண் ஜெசிந்தா அமலதாஸ், ஜெசிந்தா அமலதாஸ் என்று கூப்பிடுவது கேட்கிறது. “கட் பண்ணாதீங்க” என்கிறாள்.

செருப்பைக் கழற்றுகிற சத்தம். திரைச்சீலை வளையங்கள். உட்காருங்கம்மா, வலி எப்படி இருக்கு என்கிறது டாக்டரின் குரல். பாய் அரத்தோடு படியேறி வந்து, நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ஓரமாக நிற்கிறார். “டாக்டர், குரலைப் பத்திக் கேட்டீங்கல்ல. போனை ஸ்பீக்கர்ல போடறேன், இவர்ட்ட கேட்டுக்குங்க” என்கிறாள் ஜெசி. “எனக்குத் தெரியாது.” எனக்குத் தெரியாது. மாறினா எனக்குத் தெரியாதா என்று நிமிர்ந்து உட்கார்ந்தவள். “சொல்லுங்க சார்” என்கிறார் டாக்டர். “ஒரு கட்டை எறங்கியிருக்கு டாக்டர்” என்கிறேன். “அப்படின்னா?” அப்படியென்றால் என்ன. எப்படிச் சொல்வது. ஆறு கம்பியைப் பற்றியும் பொத்தானைப் பற்றியும் இவரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது. “பாட முடியலை. நான்தான் பாட முடியறா மாதிரி மூடி மறைச்சு வெச்சிருந்தேன். அவ பேர்ல தப்பில்லை, அவளுக்குத் தெரியாது.” “எத்தனை நாளா?” “பொங்கலுக்கு முன்னாடியேருந்து.” “பொங்கலா?” என்கிறார். இப்போது ஆவணி. சிஸ்டர், ஸ்கோப் எடுங்க என்கிறார். அம்மா, இந்தப் பக்கம் வந்து சாஞ்சுக்குங்க, மூக்குல மருந்து அடிப்பேன், கசக்கும், பயப்படாதீங்க. ஜெசி போனை மேசைமேல் வைக்கிறாள் போலிருக்கிறது, கண்ணாடியில் டக்கென்று ஒரு சத்தம். வைத்தாள், அணைக்கவில்லை. நான் ஓட வேண்டும், இரண்டு தெருதான், இந்நேரம் படியிறங்கியிருக்க வேண்டும், ஆனால் எழுந்தால் எதையாவது கேட்காமல் விட்டுவிடுவேனோ என்று உட்கார்ந்தே இருக்கிறேன். “எதுண்ணே போடட்டும்?” என்று பாய் மிகவும் தணிந்த குரலில் கேட்கிறார். மூன்று பாக்கெட்டும் கண்ணாடிமேல் அப்படியே இருக்கின்றன. போனில் டாக்டர், “அப்படியே வெச்சுக்கங்க, அசையாதீங்க, இப்ப ஈ... ன்னு நீட்டிச் சொல்லுங்கம்மா” என்கிறார். ஜெசி சொல்கிறாள். சிவப்புக் கிட்டார் இன்னும் என் மடியில்தான் இருக்கிறது. இத்தனை வருஷப் பழக்கம், அவள் சத்தம் கொடுத்ததும் அது எந்தக் கட்டை என்று என் இடது கை தானாகக் கம்பியில் தேட ஆரம்பிக்கிறது. மெல்லிய கம்பியில் இல்லை. அடுத்ததில் இல்லை. இறங்கி இறங்கித் தடிக் கம்பிக்கு வந்து, விரலை எடுத்துவிட்டு, சும்மா மீட்டிப் பார்க்கிறேன், கிட்டாரில் அதற்குக் கீழே சுருதி கிடையாது. அதிலும் இல்லை. இன்னொரு தடவை சொல்லுங்கம்மா என்கிறார் டாக்டர். அவள் சொல்கிறாள், நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.